தடம் தெரிந்தவர்கள்

ஈப்போ ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எல்லோரும் திரும்பி நின்று கட்டடத்தைத்தான் பார்ப்பார்கள். வெள்ளைச் சுவர், குவிமாடம், நீண்ட தாழ்வாரம். 1917இல் கட்டி முடித்தது. ஈப்போவின் தாஜ்மகால் என்று ஊரில் செல்லமாகச் சொல்வார்கள். இந்த முறை நான் கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிரே சதுக்கத்தில் நிற்கும் மரத்தடிக்குப் போனேன். அதுதான் ஈப்போ மரம். ஊருக்குப் பெயர் கொடுத்த மரம்.

பட்டையைக் கீறினால் கித்தா என்னும் ரப்பர் மரத்தைப் போலவே பால் வடியும். அந்தப் பாலை நெருப்பில் காட்டி இறுகவைத்து, மெல்லிய ஈர்க்கு அம்பின் நுனியில் பூசுவார்கள். மூங்கில் குழாயில் அம்பை வைத்து ஊதினால் உச்சிக் கிளையில் இருக்கும் குரங்கு விழும். நஞ்சு போய்ச் சேருவது இதயத்தில். இதயத்துடிப்பைக் குலைத்து நிறுத்திவிடும். பேராக் மலைகளின் செமாய் மக்கள் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வந்திருக்கிறார்கள். ஆக, ஊரின் பெயரே ஒரு வேட்டைக் கருவியின் பெயர்.

எதிரே இருக்கும் கட்டடத்துக்கும் வேட்டையோடு உறவு உண்டு. அதை வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக். அவருடைய தம்பி தியடோர் ஹப்பக் 1895இல் மலாயாவுக்கு வந்தவர். தோட்டத்துரையாக இருந்துகொண்டே காடு காடாகத் திரிந்து, 1905இல் யானை வேட்டையையும் செலாடாங் வேட்டையையும் பற்றி ஒரு நூல் எழுதினார். செலாடாங் என்பது நம் முதுமலையில் திரியும் அதே காட்டெருமைதான். சொந்தக் கண்டத்தை விட்டு வந்து பிறர் காட்டில் பெரிய மிருகங்களைச் சுட்ட மனிதர், அதோடு நிற்கவில்லை. அலாஸ்காவுக்கும் இரண்டு முறை வேட்டைக்குப் போய், அந்தப் பயணங்களை 1929இல் நூலாக்கினார்.

அண்ணன் கட்டிய நிலையத்துக்கும் தம்பி தேடி அலைந்த காட்டுக்கும் நடுவே அந்த மரம் நிற்கிறது.

நான் வந்த காரணம் ஒரு கேள்வி. கனடாவில் குடியேறிவிட்ட என் அத்தை மகன் போன வருடம் அலாஸ்காவுக்குத் தனியாக வேட்டைக்குப் போக விரும்பினான். அங்கே சட்டம் அவனைத் தடுத்தது. அலாஸ்காவில் குடியிருக்காத அமெரிக்கர், மூஸ் என்னும் பெரிய மானையோ கரிபுவையோ வழிகாட்டி இல்லாமல் தேடிப் போகலாம். பழுப்புக் கரடி, டால் ஆடு, மலையாடு ஆகியவற்றுக்கு மட்டும் உரிமம் பெற்ற வழிகாட்டி கூடவே வரவேண்டும். இல்லையென்றால் அலாஸ்காவிலேயே வாழும் நெருங்கிய உறவினர் ஒருவர், 19 வயது நிரம்பியவர், துணைக்கு வரவேண்டும். அந்த உறவுப் பட்டியலை அத்தை மகன் எனக்கு வாசித்துக் காட்டினான். தாத்தா உண்டு, பேரன் உண்டு, மச்சான் உண்டு, மாமனார் உண்டு. தாய்மாமன் இல்லை. நம் வீடுகளில் முதல் மரியாதை வாங்குகிறவரை அந்தச் சட்டம் உறவாகவே எண்ணவில்லை! ஆனால் இந்தச் சலுகையெல்லாம் அமெரிக்கக் குடிமக்களுக்குத்தான். வேற்று நாட்டார் எந்தப் பெரிய மிருகத்தைத் தேடிப் போனாலும் வழிகாட்டி கட்டாயம்.

"உங்க ஊர்ல எப்படி? யாரையும் கூலிக்குப் பிடிக்காம, நானே காட்டுக்குள்ள போய்ப் பெரிய மிருகம் ஒண்ணு அடிக்க முடியுமா? தாத்தா காலத்துல அப்படித்தானே அடிச்சாங்க?" என்று கேட்டான்.

முடியாது என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் "தாத்தா காலத்துல அப்படித்தானே" என்ற வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. தாத்தா வாழ்ந்தது கோப்பெங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அங்கே போய்ப் பெரியப்பாவைக் கேட்டால் தெரியும் என்று புறப்பட்டுவிட்டேன்.

ஈப்போவிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர்தான் கோப்பெங். இடப்பக்கம் தித்திவங்சா மலைத்தொடர் நீலமாகக் கூடவே வரும். வழியெங்கும் சுண்ணாம்புக் குன்றுகள் தட்டையான நிலத்திலிருந்து திடீரென்று செங்குத்தாக எழும்பி நிற்கும். இந்தக் குன்றுகளின் செங்குத்துச் சரிவில்தான் காம்பிங் குருன் என்னும் காட்டாடு ஏறித் திரிந்தது. இன்று அது முற்றாகப் பாதுகாக்கப்பட்ட விலங்கு. குன்றுகளைத்தான் கல்லுக்காக வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கோப்பெங் ஒரு காலத்தில் ஈயத்தால் செழித்த ஊர். இன்று பல நாடுகளில் கடை வைத்திருக்கும் யூ யான் சாங் சீன மருந்துக்கடை 1879இல் இந்தச் சிற்றூரில்தான் பிறந்தது. ஈயம் தீர்ந்ததும் ஊர் அடங்கிவிட்டது. ஒரு காப்பிக் கடையில் பெரியப்பா எனக்காகக் காத்திருந்தார். எழுபத்தெட்டு வயது. கோப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றிக் குடிக்கும் பழக்கம் மாறவில்லை.

"வேட்டையா? உனக்கு எதுக்குலா அது?" என்றார் முதலில். பிறகு, "வா, தோட்டத்தப் பார்த்துட்டுப் பேசுவோம்" என்று எழுந்தார்.

தோட்டம் என்று சொன்னாரே தவிர அங்கே கித்தா மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் செம்பனை. தொழிலாளர் லயங்கள் இருந்த இடத்தில் புல் மண்டிக் கிடந்தது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் எது, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயக்கொட்டகை எது என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடத்திலெல்லாம் ஒரே மாதிரிப் பனைதான் தெரிந்தது. காட்டோரத்தில் முனியாண்டி கோயில் மட்டும் அப்படியே இருந்தது. தகரக் கூரை, மூன்று சூலம், கருங்கல். கல்லின் மேல் யாரோ வைத்த சுருட்டு பாதி எரிந்து அணைந்திருந்தது.

"வேட்டைக்குப் போறவங்க இங்கதான் சுருட்டு வச்சிட்டுப் போவாங்க. துரையும்தான். கும்பிட மாட்டாரு, ஆனா தாத்தா வச்சிட்டு வர்ற வரைக்கும் தொப்பியக் கையில வச்சிக்கிட்டு நிப்பாரு."

பெரியப்பா சொன்ன கதை ஜப்பான்காரன் வருவதற்கு முந்தியது. அவருக்கும் அது தாத்தா சொல்லித் தெரிந்ததுதான். தோட்டத்துத் துரைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் துப்பாக்கி கையில் இருக்க வேண்டும். தாத்தா பால்மரம் வெட்டுகிறவர். காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் வாளி தொங்க மேட்டில் ஏறிப் பழகிய தோள் என்பதால் சுமை தூக்கக் கூப்பிடுவார்கள். முன்னால் போகிறவர் ஒரு செமாய்க்காரர். மலைக்கு மேலே இருந்து உப்புக்கும் புகையிலைக்கும் இறங்கி வருவார். அவருக்குப் பின்னால் துரை. துரைக்குப் பின்னால் தோட்டாப் பையும் தண்ணீரும் சுமந்துகொண்டு தாத்தா.

ஒருநாள் துரை ஒரு செலாடாங்கைச் சுட்டார். அடி பட்டது, ஆனால் விழவில்லை. பாசாக்காட்டுக்குள் போய்விட்டது. துரை பின்னாலேயே ஓடப் பார்த்தார். செமாய்க்காரர் கீழே உட்கார்ந்துவிட்டார். ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். துரை கத்தினார், மலாயில் திட்டினார். அவர் அசையவில்லை. சுருட்டு முடிந்த பிறகு எழுந்து, தடத்தை ஒட்டிப் போகாமல் வெகுதூரம் சுற்றிக்கொண்டு போனார். காயம்பட்ட செலாடாங் தான் வந்த தடத்தின் பக்கவாட்டிலேயே, தடத்தைப் பார்த்தபடி, புதரில் நின்றுகொண்டிருந்தது. பின்னாலேயே ஓடியிருந்தால் விலாவில் கொம்பு இறங்கியிருக்கும்.

காயம்பட்ட காட்டெருமை இப்படி வளைந்து திரும்பி வழி பார்த்து நிற்கும் என்பது வேட்டைக்காரர்கள் எழுதிவைத்த நூல்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. நூல்களில் அதை எழுதியவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது யார் என்பதைத் தாத்தா நேரில் பார்த்திருக்கிறார்.

துரையின் பங்களாவில் அந்தச் செலாடாங்கின் கொம்பு வெகுகாலம் தொங்கியதாம். கீழே பித்தளைத் தகட்டில் துரையின் பெயரும் தேதியும். "தாத்தா பேரு செக்ரோல்ல இருந்துச்சு. அன்னிக்கி ஞாயித்துக்கிழமையில்ல, அதனால செக்ரோல்லயும் ஏறல" என்றார் பெரியப்பா. செக்ரோல் என்றால் தோட்டத்து ஆள் பதிவேடு. அந்தச் செமாய்க்காரரின் பெயரைக் கேட்டேன். தெரியவில்லை. அன்று தோட்டத்தில் அவர்களைக் குறிக்க எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்களாம், நம் ஆட்களும். அந்த மக்களை அடிமையென்று இழிக்கும் சொல் அது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

தாத்தா காலத்தில் துணை இல்லாமல் இந்தக் காட்டுக்குள் துரையும் வேட்டையாடவில்லை. அத்தை மகனுக்கு நான் சொல்லவேண்டிய பதில் இதுதான் என்று முனியாண்டி கோயிலின் முன்னால் நின்றபோதே புரிந்துவிட்டது. துப்பாக்கி பிடித்தவர் ஒருவர். காடு தெரிந்தவர் இன்னொருவர். இறைச்சி சுமந்தவர்கள் நாலைந்து பேர். வேட்டைக்குப் பிறகு எடுத்த படத்தில் நின்றவர் மட்டும் ஒற்றை ஆள்.

பட்டாளத்துக்கும் இதே கதைதான். 1948இல் மலாயாவில் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியபோது ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் இந்த மலைகளுக்குள் இறங்கினார்கள். தடம் பார்க்கத் தெரியவில்லை. சரவாக்கிலிருந்து இபான் மக்களைத் தடம் பார்க்க வரவழைத்தார்கள். 1956இல் பூர்வகுடிகளையே சேர்த்து செனோய் பிராக் என்ற படையை அமைத்தார்கள். அதன் முகாம் ஒன்று இன்றும் கோப்பெங்குக்குத் தெற்கே பீடோரில் இருக்கிறது.

மறுநாள் காலை செமாய் மக்கள் வாழும் உலு கெரோவுக்குப் புறப்பட்டோம். கோப்பெங்கிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் மலைச்சாலை. பெரியப்பாவுக்கு முழங்கால் வலி, செமாய்க் கம்போங்கின் முகப்பிலேயே உட்கார்ந்துகொண்டார். என்னை அழைத்துப்போக ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். மலாயில் அண்ணன் என்று பொருள்படும்படி அபாங் என்று கூப்பிட்டேன். இடுப்பில் பாராங் கத்தி, காலில் ரப்பர் செருப்பு. நான் நல்ல மலைக்காலணி போட்டிருந்தேன். முதல் சேற்றிலேயே இரண்டு பேரில் யார் வழுக்குவார் என்று தெரிந்துபோனது.

உலு கெரோவின் செமாய் மக்கள் ஒரு காலத்தில் ராஃப்லேசியா என்னும் பெரும்பூவின் மொட்டைப் பறித்து மருந்துக்கு விற்றவர்கள். ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியைப் பிடித்து விற்றவர்கள். மலேசிய இயற்கைச் சங்கம் அவர்களோடு சேர்ந்து வேலை செய்த பிறகு, பறித்தவர்களே காவலாக மாறி, வழிகாட்டிகளாகவும் ஆனார்கள். ராஃப்லேசியா மொட்டு ஒன்பது மாதம்போல வளரும். பூத்தால் ஒரு வாரத்துக்குள் கருகிவிடும். "நேற்று வந்திருந்தால் இன்னும் சிவப்பாக இருந்திருக்கும்" என்று வருத்தப்பட்டுக்கொண்டே ஒரு பூவைக் காட்டினார். அகலமான தாம்பாளம்போல, செங்கல் நிறத்தில், ஓரம் கறுக்கத் தொடங்கிய பூ. ஈ மொய்த்தது. நான் வேட்டையைப் பற்றிக் கேட்க வந்தவன், அதன் முன்னால் கால் மணி நேரம் நின்றுவிட்டேன்.

பிறகு ஒரு தவறு செய்தேன். அவர் காலணிக் கயிற்றைக் கட்டச் சொல்லி என்னை நிறுத்திவிட்டு, பாதையில் விழுந்திருந்த மூங்கிலை வெட்டப் போனார். பாதை நேராகத்தானே போகிறது என்று நான் அவரைத் தாண்டி நடந்தேன். ஓடைச் சத்தம் வலப்பக்கம் கேட்டது. கொஞ்ச தூரம் போனதும் இடப்பக்கம் கேட்டது. திரும்பினேன். வந்த பாதை இல்லை. எல்லா மரமும் ஒரே மரம்போல நின்றது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, உள்ளங்கை ஈரமாகிவிட்டது. கத்த வெட்கமாக இருந்தது. வெட்கம் போனதும் கத்தினேன். நான் நினைத்த திசைக்கு நேர் எதிரிலிருந்து அவர் வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் மிதித்துப்போன இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். கவிழ்ந்த இலை, அதன் வெளிறிய அடிப்பக்கம். நசுங்கிய பாசி. அறுந்த சிலந்தி வலை. எனக்கு வெறும் காடாகத் தெரிந்ததில் என் நடை முழுவதும் எழுதியிருந்தது.

அதன் பிறகு அவர் எதைக் காட்டினாலும் குனிந்து பார்த்தேன். கேளையாட்டின் சின்னக் குளம்படி. முள்ளம்பன்றி கிளறிய மண். காட்டுப்பன்றி புரண்ட சேற்றுக்குழி. சேறு காய்ந்து வெடித்திருந்தது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021இல் தீபகற்பத்துக்குள் வந்த பிறகு பன்றி குறைந்துவிட்டது என்றார். பெரியப்பாவும் தோட்டத்தில் அதையே சொல்லியிருந்தார். பன்றி குறைந்தால் செமாய் வீட்டு அடுப்புக்கு மட்டும் நட்டமில்லை. புலிக்கு வேறு என்ன இருக்கிறது? 1950களில் இந்த நாட்டில் மூவாயிரம் புலி இருந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. 2022இல் வெளியிட்ட கணக்கெடுப்பு 150க்கும் குறைவு என்றது. அரசுச் சின்னத்தில் இரண்டு புலி நிற்கிற நாடு இது.

சட்டத்தைப் பற்றியும் கேட்டேன். அவருக்கு அது மனப்பாடம். இந்தியாவிலும் மலேசியாவிலும் காட்டுவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒரே ஆண்டில், 1972இல் வந்தது. இந்தியா போகப் போக வேட்டைக்குக் கதவை ஏறக்குறைய முழுதாகச் சாத்தியது. மலேசியா உரிமத்தோடு ஒரு பக்கத்தைத் திறந்துவைத்தது. இங்கே அந்தச் சட்டத்தின் இடத்தில் 2010இல் புதிய சட்டம் வந்தது. புலி, யானை, செலாடாங், காட்டாடு எதையும் எவரும் தொடக்கூடாது. பன்றிக்கு உரிமம் வேண்டும். துப்பாக்கிக்குக் காவல்துறையின் உரிமம் தனி. கடமானுக்கும் கேளையாட்டுக்கும் 2009இலேயே வேட்டை உரிமம் கொடுப்பதை நிறுத்தி, அந்தத் தடையைத் திரும்பத் திரும்ப நீட்டினார்கள். 2022 திருத்தத்துக்குப் பிறகு உச்சத் தண்டனை பத்து லட்சம் ரிங்கிட் அபராதம், 15 ஆண்டு சிறை. பூர்வகுடிகள் மட்டும், அட்டவணையில் சொன்ன சில விலங்குகளைத் தங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு வேட்டையாடலாம், விற்கக்கூடாது. அத்தை மகன் கேட்ட தனி வேட்டைக்கு இந்த மலையில் உரிமை உள்ளவர் யாரென்றால், எனக்கு முன்னால் செருப்புக் காலோடு நடந்துகொண்டிருந்தவர்தான். வெளியூரானுக்கு அந்த உரிமை இல்லை. இருக்கவும் கூடாது என்று நினைக்கிறேன்.

ஆனால் அவரும் தனியாகப் போவதில்லையாம். தம்பியோ மருமகனோ கூட வருவார்கள். காலையில் கிளம்பும் முன் தன் வீட்டில் மாட்டியிருந்த ஊதுகுழலை இறக்கிக் காட்டியிருந்தார். என் உயரத்தைவிட நீளம். உள்ளே ஒரு மூங்கில், வெளியே ஒரு மூங்கில். கண்ணை வைத்துப் பார்த்தால் மறுமுனை நாணயம்போல வட்டமாகத் தெரிந்தது, ஒரு கோணலும் இல்லை. அம்பறாத்தூணியைத் தொடவேண்டாம் என்றார்.

தியடோர் ஹப்பக்கை நினைத்துக்கொண்டேன். சுட்டுச் சுட்டு அலைந்தவர், பிறகு மனம் மாறினார். காடழிப்பையும் கண்மூடிச் சுடுவதையும் எதிர்த்து அரசோடு பல ஆண்டு மல்லுக்கட்டினார். 1930களின் தொடக்கத்தில் மலாயாவின் காட்டுவிலங்கு ஆணையராக ஊர் ஊராகச் சாட்சியம் வாங்கி, மூன்று தொகுதி அறிக்கை கொடுத்தார். 1938-39இல் பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்றும் சேரும் இடத்தில் 4,343 சதுர கிலோமீட்டர் காடு தேசியப் பூங்காவானது. இன்று அதுதான் தாமான் நெகாரா. சுமத்ராக் காண்டாமிருகத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1939இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வந்தது. அந்தக் காண்டாமிருகம் மலேசியாவிலேயே இப்போது இல்லை. கடைசியாக இருந்த பெண் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. ஹப்பக் போராடியிராவிட்டால் தாமான் நெகாராவும் செம்பனையாகியிருக்கலாம். அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அவருக்கு முன்னால் தடம் பார்த்து நடந்தவர்களுக்கும் அதே அளவு கடன்பட்டிருக்கிறோம்.

கம்போங்குக்குத் திரும்பியபோது பெரியப்பா ஒரு வீட்டுத் திண்ணையில் கிழவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது தோட்டத்து மலாய். உப்பு என்ன விலைக்கு விற்றது, புகையிலை எந்தக் கடையில் வாங்கினார்கள் என்ற பேச்சு. பெரியப்பா மெல்லத் துரையின் செலாடாங் கதையைச் சொல்லி, அந்த ஆளைத் தெரியுமா என்று கேட்டார். கிழவர் நெடுநேரம் யோசித்தார். உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தவர் என்றால் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்றார்.

அபாங் அடுப்பிலிருந்து ஒரு மூங்கிலை எடுத்துப் பிளந்தார். உள்ளே மரவள்ளிக்கிழங்கு வெந்திருந்தது. வாழையிலையில் பங்கு வைத்தார். திண்ணையில் இருந்தவர்களுக்கு, வாசலில் நின்ற பிள்ளைகளுக்கு, பெரியப்பாவுக்கு, எனக்கு. எல்லாப் பங்கும் ஒரே அளவு. செமாய் மக்களோடு வாழ்ந்து ராபர்ட் டென்டன் என்ற மானிடவியலாளர் 1968இல் எழுதிய நூலில் ஒரு செய்தி உண்டு. உணவைப் பங்கிடும்போது நன்றி சொல்வது இவர்களிடையே மரியாதைக் குறைவு. கொடுத்ததை வாங்குகிறவன் அளந்து பார்த்தான் என்றாகிவிடுமாம், இவ்வளவு கொடுப்பான் என்று எதிர்பார்க்கவில்லை என்றும் ஆகிவிடுமாம்.

திரிமா காசி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு கிழங்கைப் பிட்டு வாயில் போட்டேன். சூடாக இருந்தது. பெரியப்பா தன் பங்கில் பாதியைப் பக்கத்தில் நின்ற பிள்ளையின் இலையில் வைத்தார்.